மெடல்ஸ் பெர் கேப்பிட்டா: பதக்கங்களை வகுத்துக் காட்டும் தளம், ஒரு கணித ஆசிரியையின் பார்வையில்

2024 ஓகஸ்ட் 8ஆம் திகதி, பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் ஈட்டி எறிதல் இறுதிப் போட்டி. நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டித் தொடங்கியது. பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீற்றர் எறிந்து தங்கம் வென்றார். இந்தியாவின் நீரஜ் சோப்ராவுக்கு 89.45 மீற்றருடன் வெள்ளி. கிரெனடாவின் அண்டர்சன் பீட்டர்ஸுக்கு 88.54 மீற்றருடன் வெண்கலம். அந்த மேடையில் நின்ற மூவருக்கும் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பாகிஸ்தானில் சுமார் 24 கோடி மக்கள். இந்தியாவில் 140 கோடிக்கு மேல். கிரெனடாவில் ஒன்றேகால் இலட்சம்கூட இல்லை. நம் கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் வசிப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான்.

பத்திரிகையில் வருகிற பதக்கப் பட்டியலில் இந்த வித்தியாசம் தெரியாது. அதில் அமெரிக்கா 126, சீனா 91, இரண்டுக்கும் தலா 40 தங்கம். கீழே எங்கோ கிரெனடா 2. அந்த எண்களை நாட்டின் சனத்தொகையாலும் செல்வத்தாலும் வகுத்துக் காட்டுகிற தளம்தான் மெடல்ஸ் பெர் கேப்பிட்டா. உருவாக்கியவர் கிரெய்க் நெவில்-மேனிங் என்ற நியூசிலாந்துக்காரர். கணினி விஞ்ஞானி, கூகுளின் நியூயோர்க் பொறியியல் அலுவலகத்தை ஆரம்பித்தவர். நியூசிலாந்துக்காரர் ஒருவருக்கு இந்த எண்ணம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 53 இலட்சம் பேர் உள்ள நாடு அது, பாரிஸில் 20 பதக்கம் எடுத்தது, அதில் 10 தங்கம். வழக்கமான பட்டியல் அப்படிப்பட்ட நாட்டுக்கு நியாயம் செய்வதில்லை.

நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். பாடசாலைக் காலத்தில் 800 மீற்றர் ஓடியவள், மாகாண மட்டம் வரை போனவள். விகிதமும் விளையாட்டும் ஒரே இடத்தில் சந்திக்கிற தளம் என்பதால் இதைப் பாடத்துக்காக நிறையப் பாவித்திருக்கிறேன். இலவசம். பதிவு செய்யத் தேவையில்லை. எந்த ஒலிம்பிக் என்று தெரிவு செய்யலாம். மொத்தப் பதக்கமா, தங்கம் மட்டுமா, அல்லது தங்கத்துக்குக் கூடுதல் புள்ளி கொடுத்துக் கணக்கிடுவதா என்று தெரிவு செய்யலாம். பிறகு எதனால் வகுப்பது என்று தெரிவு செய்யலாம்: சனத்தொகை, மொத்த உள்நாட்டு உற்பத்தி, அல்லது அணியின் அளவு. அவ்வளவுதான் தளம்.

ஏன் வகுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த எனக்கு இல்ல விளையாட்டுப் போட்டி உதவியது. அங்கே புள்ளிகளைக் கூட்டி, கூடிய இல்லத்தை வெற்றி பெற்றதாக அறிவிக்கிறோம். அது நியாயம்தான், ஏனென்றால் பிள்ளைகளைச் சேர்க்கும்போதே இல்லங்களுக்குச் சமமாகப் பிரித்துவிடுகிறோம். ஒரு இல்லத்தில் 300 பிள்ளைகளும் இன்னொன்றில் 12 பிள்ளைகளும் இருந்தால் அந்தக் கேடயத்துக்கு என்ன மதிப்பு? நாடுகளை யாரும் அப்படிச் சமமாகப் பிரித்து வைக்கவில்லை. இதைச் சொன்ன பிறகு வகுப்பில் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

தளத்தில் முக்கியமான நிரல், ஒரு பதக்கத்துக்கு எத்தனை பேர் என்பது. கிரெனடாவில் 60 ஆயிரத்துக்குக் குறைவானவர்களுக்கு ஒரு பதக்கம். டொமினிக்காவுக்கு ஒரே பதக்கம், பெண்கள் முப்பாய்ச்சலில் தியா லாஃபோண்ட் வென்ற தங்கம்; அந்த நாட்டின் சனத்தொகை 70 ஆயிரம் அளவில். 100 மீற்றரில் தங்கமும் 200 மீற்றரில் வெள்ளியும் எடுத்த ஜூலியன் அல்ஃப்ரெட்டின் செயின்ட் லூசியாவில் 90 ஆயிரம் பேருக்கு ஒன்று. நியூசிலாந்தில் 2.65 இலட்சம் பேருக்கு ஒன்று, அவுஸ்திரேலியாவில் 5 இலட்சம், அமெரிக்காவில் 27 இலட்சம், சீனாவில் ஒன்றரைக் கோடி. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஏறத்தாழ 24 கோடிப் பேருக்கு ஒன்று. எண் குறையக் குறைய இடம் மேலே போகும் என்பது பிள்ளைகளுக்கு முதலில் குழப்பம் தருகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. நேர்மாறு விகிதத்தை இதைவிட நல்ல உதாரணத்தோடு எந்தப் பாடநூலிலும் நான் காணவில்லை.

கிரெனடா முதலிடம் என்பதைப் பார்த்ததும் வகுப்பே கைதட்டியது. எனக்கும் சந்தோஷம். சின்னத் தீவில் பிறந்த நமக்கு இன்னொரு சின்னத் தீவு முன்னால் நிற்பது இனிப்பான விஷயம்தான். ஆனால் கணிதம் படிப்பிக்கிறவள் அங்கேயே நிற்க முடியாது. ஒரு பதக்கம் குறைந்திருந்தால் கிரெனடா என்ன ஆகியிருக்கும்? டொமினிக்காவுக்கும் செயின்ட் லூசியாவுக்கும் பின்னால் போயிருக்கும். இரண்டும் கிடைக்காமல் போயிருந்தால் பட்டியலிலேயே இருந்திருக்காது. நியூசிலாந்து ஒரு பதக்கத்தை இழந்திருந்தால் 2.65 இலட்சம் என்பது 2.8 இலட்சம் ஆகியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சிறிய நாடுகளின் இடம் ஒரு தனி மனிதரின் முழங்காலிலும் அன்றைய காற்றிலும் தங்கியிருக்கிறது.

இதற்குச் சாட்சி டோக்கியோவில் இருக்கிறது. 34 ஆயிரம் பேர் மட்டுமே உள்ள சான் மரினோ அங்கே மூன்று பதக்கம் எடுத்து முதலிடத்துக்குப் போனது. 64 ஆயிரம் பேர் உள்ள பெர்முடாவுக்கு ஃப்ளோரா டஃபி ட்ரையத்லனில், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டியில் தங்கம் வாங்கிக் கொடுத்தார். மூன்று வருடத்தில் பாரிஸ் வந்தது. இரண்டு நாட்டுக்கும் ஒரு பதக்கமும் இல்லை. அதனால் சனத்தொகைப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களை நான் ஒரு கொண்டாட்டமாக மட்டும் பார்க்கிறேன். நாடு எப்படி விளையாட்டை வளர்க்கிறது என்று அறிய அதற்குக் கீழே பார்க்க வேண்டும். ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் அதே உயரத்தில் திரும்பத் திரும்ப வருகிற நியூசிலாந்து, ஜமைக்கா, ஹங்கேரி போன்ற நாடுகள்தான் அங்கே உண்மையான செய்தி.

இனி இந்தத் தளத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது. பதக்கம் எடுக்காத நாடு இதில் இல்லை.

பாரிஸில் 200க்கு மேற்பட்ட அணிகள் பங்குபற்றின. பதக்கம் எடுத்தவை தொண்ணூற்றுச் சொச்சம். மிகுதி நாடுகள் தளத்தில் தெரியாது. "டீச்சர், எங்கட நாட்டைக் காணோமே" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது. கேட்காமல் எப்படி இருக்கும்? 2024ஐத் திறந்தால் இலங்கை என்ற பெயரே இல்லை. இதற்குக் கணிதக் காரணம் ஒன்று உண்டு. ஒரு பதக்கத்துக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டால், பதக்கம் பூச்சியமாக இருக்கும்போது பூச்சியத்தால் வகுக்க வேண்டி வரும், அதற்கு விடை இல்லை. சரி. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டு, பத்து இலட்சம் பேருக்கு எத்தனை பதக்கம் என்று காட்டினால் பூச்சியம் என்று எழுதலாமே. 17 கோடி மக்கள் உள்ள பங்களாதேஷ் இதுவரை ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமும் எடுத்ததில்லை. 40 ஆயிரம் பேர்கூட இல்லாத மொனாக்கோவும் எடுத்ததில்லை. ஐந்து இலட்சம் பேருள்ள மாலைதீவும் எடுத்ததில்லை. 40 ஆயிரம் பேரின் பூச்சியத்தில் எந்த வியப்பும் இல்லை. 17 கோடிப் பேரின் பூச்சியம் ஒரு பெரிய கேள்வி. அந்தக் கேள்வியைத் தளம் கேட்கவே விடுவதில்லை. சில புள்ளியியலாளர்கள் இதற்கு நல்ல வழி சொல்லியிருக்கிறார்கள்: உலகத்தில் எல்லாருக்கும் பதக்கம் வெல்லச் சம வாய்ப்பு இருந்தால், இந்த நாடு இத்தனை பதக்கம் எடுப்பதற்கு நிகழ்தகவு எவ்வளவு என்று பார்ப்பது. அப்படிச் செய்தால் குட்டி நாடுகளின் அதிர்ஷ்டமும் அடங்கும், பெரிய நாடுகளின் பூச்சியமும் வெளியே வரும். தளம் அந்த வழிக்கும் ஒரு தெரிவு தந்தால் உயர்தர மாணவர்களுக்குப் பொன்னாக இருக்கும்.

இலங்கையைத் தேடுகிறவர்கள் 2000ஆம் ஆண்டைத் தெரிவு செய்ய வேண்டும். சிட்னியில் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கனில் மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007இல் ஒப்புக்கொண்ட பிறகு அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது. சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. அந்தத் தங்கம் போனது பஹாமாஸின் போலின் டேவிஸுக்கு, மூன்று இலட்சம் அளவு மக்கள் உள்ள நாட்டுக்கு. நமக்கோ அப்போது 1.9 கோடி சனம், ஒரு பதக்கம். அதற்கு முன்னால் போகவேண்டுமானால் 1948 இலண்டன், 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் டங்கன் வைட்டின் வெள்ளி. அப்போது இலங்கைச் சனத்தொகை 70 இலட்சம் அளவு. சுதந்திரம் கிடைத்த அதே வருடத்தில் 70 இலட்சத்துக்கு ஒன்று. அந்த விகிதத்தை நாம் பிறகு ஒருநாளும் எட்டவில்லை. இதை வகுப்பில் கரும்பலகையில் எழுதியபோது எனக்கே மனம் கனத்தது.

சனத்தொகையால் வகுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதைத் தளம் சொல்வதில்லை. சனம் இரட்டித்தால் பதக்கமும் இரட்டிக்கும் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. ஒலிம்பிக் அப்படி நடப்பதில்லை. மெய்வல்லுநர் போட்டிகளில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு நாடு அதிகபட்சம் மூவரைத்தான் அனுப்பலாம், நீச்சலில் இருவரை. டோக்கியோவில் பெண்கள் 100 மீற்றரின் மூன்று பதக்கமும் ஜமைக்காவுக்கே போயின. நான்காவது ஜமைக்காப் பெண் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அங்கே வர வழியில்லை. ஆண்கள் ஹொக்கியில் இந்தியா 140 கோடிப் பேருக்கும் சேர்த்து ஓர் அணியைத்தான் அனுப்பலாம். அந்த அணி முழுவதும் சேர்ந்து பாரிஸில் வென்ற வெண்கலம் பட்டியலில் ஒன்று என்றுதான் ஏறும். பிரான்சின் லியோன் மர்ஷோன் ஒருவரே நீச்சலில் நான்கு தனிநபர் தங்கம் எடுத்தார், அது நான்காக ஏறும். நீச்சல் தடாகம் உள்ள நாட்டுக்கும் ஹொக்கி மட்டை உள்ள நாட்டுக்கும் இடையில் பதக்கப் பட்டியல் நடுநிலையாக இல்லை.

எங்கள் வலைப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் விளையாடிய இலங்கை அணி 2018இல் ஆசியச் சம்பியன் ஆனது. வலைப்பந்தாட்டம் ஒலிம்பிக்கில் இல்லை. எதனால் வகுத்தாலும் அது கணக்கில் வராது.

இப்போது செல்வத்துக்கு வருகிறேன். தளத்தில் மூன்றில் எதை நம்புவது என்று கேட்டால் மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுக்கும் பட்டியலைத்தான் சொல்வேன். ஏன் என்பதற்கு அமெரிக்காவையும் கென்யாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாரிஸில் கென்யாவுக்கு 11 பதக்கம், அதில் 4 தங்கம். சனத்தொகை சுமார் 5.5 கோடி. ஆகவே 50 இலட்சம் பேருக்கு ஒன்று. அமெரிக்காவில் 27 இலட்சம் பேருக்கு ஒன்று. சனத்தொகைப்படி அமெரிக்கா கென்யாவை வென்றுவிடுகிறது. செல்வத்தால் வகுத்தால் கென்யாவுக்கு ஏறத்தாழ 10 பில்லியன் டொலருக்கு ஒரு பதக்கம். அமெரிக்காவுக்கு 200 பில்லியன் டொலருக்கும் மேல் போனால்தான் ஒன்று. கென்யா இருபது மடங்கு முன்னால் நிற்கிறது. அதே இரண்டு நாடு, அதே இரண்டு வாரம், வகுக்கும் எண் மாறியது மட்டும்தான்.

இந்தப் பட்டியலில் மேலே வருகிறவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு மரியாதை கூடுகிறது. ஆறு பதக்கம் எடுத்த கிர்கிஸ்தான். ஆறு எடுத்த ஜமைக்கா. மல்யுத்தமும் யூடோவும் பளுதூக்கலும் ஊறிய ஜோர்ஜியா, 37 இலட்சம் பேர், ஏழு பதக்கம். இந்த நாடுகள் எதுவும் பணக்கார நாடு அல்ல. தங்களுக்கு என்ன வரும் என்று தெரிந்து, அந்த ஒன்றிரண்டு விளையாட்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறார்கள். மல்யுத்தத்துக்கு ஒரு விரிப்பு போதும். பாய்மரப் படகுக்கும் குதிரையேற்றத்துக்கும் என்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மறுபுறம் கட்டார். பாரிஸில் அதற்கு உயரம் பாய்தலில் முத்தாஸ் பர்ஷிமின் ஒரே ஒரு வெண்கலம். 200 பில்லியன் டொலருக்கு மேற்பட்ட பொருளாதாரத்துக்கு ஒன்று.

பணம் எவ்வளவு முக்கியம் என்று கொழும்பில் இருக்கிற எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. எங்கள் பாடசாலைக்கு மைதானம் இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வெளியே மைதானம் வாடகைக்கு எடுக்க வேண்டும். பயிற்சிக்குப் பிள்ளைகள் சீமெந்து முற்றத்தில் ஓடுகிறார்கள். செயற்கை ஓடுபாதை வேண்டுமென்றால் சுகததாச விளையாட்டரங்கு. அது கொட்டாஞ்சேனைக்குப் பக்கம்தான், ஆனால் அங்கே ஓடுகிற வாய்ப்பு போட்டி நாளில் மட்டும்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு. ஆணி வைத்த சப்பாத்து இறக்குமதி. கோலூன்றிப் பாய்தலுக்கான கோல் இறக்குமதி. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கும் மேலே போனபோது இந்தச் சாமான்களின் விலை என்ன ஆனது என்பதைப் பெற்றோர்களிடம்தான் கேட்க வேண்டும். டொலரில் அளக்கிற உற்பத்தி நம் மாதிரி நாட்டின் வாழ்க்கையைச் சரியாகக் காட்டாது என்று பொருளியல் படித்தவர்கள் சொல்வார்கள். சாப்பாட்டு விலைக்கு அது சரி. விளையாட்டுச் சாமானுக்கு டொலர்தான் சரியான அளவுகோல், ஏனென்றால் அவற்றை நாம் டொலரில்தான் வாங்குகிறோம்.

அர்ஷத் நதீமையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸுக்குச் சில மாதங்களுக்கு முன்புவரை அவர் ஏழெட்டு வருடம் பாவித்துத் தேய்ந்துபோன ஈட்டியை வைத்துக்கொண்டு புதியது கேட்டுக்கொண்டிருந்தார். நீரஜ் சோப்ராகூட அவருக்காகப் பகிரங்கமாகப் பேசினார். ஆரம்ப காலத்தில் அவருடைய பயணச் செலவுக்கு ஊர் மக்கள் காசு சேர்த்துக் கொடுத்ததாக அவருடைய தந்தை சொல்லியிருக்கிறார். 24 கோடியால் வகுத்தால் அந்தத் தங்கம் அற்பமாகத் தெரியும். அந்த ஈட்டியின் விலையை நினைத்தால் அப்படித் தெரியாது.

ஆனால் செல்வப் பட்டியலிலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: யாருடைய செல்வம்? டொமினிக்காவின் தியா லாஃபோண்ட் ஐந்து வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய் மேரிலாந்தில் வளர்ந்தவர். பத்து அம்சப் போட்டியில் கிரெனடாவுக்கு வெண்கலம் எடுத்த லிண்டன் விக்டர் படித்தது டெக்ஸஸில். ஜூலியன் அல்ஃப்ரெட்டும் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துப் பிள்ளை. அவர்கள் ஓடிய பாதையும் பயிற்றுநரும் உடற்பயிற்சிக் கூடமும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பணம். பதக்கம் கரீபியனின் கணக்கில், செலவு அமெரிக்காவின் கணக்கில். நமக்கும் இதில் பழைய உறவு உண்டு. 1958 ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தை எடுத்துக் கொடுத்த யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் லொஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பஹ்ரெய்ன் மறுபக்கம். பாரிஸில் அதற்கு நான்கு பதக்கம், இரண்டு தங்கம். அந்தத் தங்கங்களில் ஒன்றை எடுத்த வின்ஃப்ரெட் யாவி கென்யாவில் பிறந்தவர், மற்றதை எடுத்த மல்யுத்த வீரர் அக்மெத் தாஜுதினோவ் ரஷ்யாவின் தாகெஸ்தானைச் சேர்ந்தவர். இவர்களைப் பஹ்ரெய்னின் பதினாறு இலட்சம் பேரால் வகுப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

சனத்தொகையாலும் செல்வத்தாலும் வகுக்கிற இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக்கிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆண்ட்ரூ பெர்னார்ட், மேகன் பஸ்ஸி என்ற இரு பொருளியலாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாட்டின் பதக்கங்களை முன்கூட்டிக் கணிக்கச் சிறந்த ஒற்றை எண் அதன் மொத்த உற்பத்திதான் என்று காட்டினார்கள். சனம் கூடியதாலும் உற்பத்தி கூடலாம், தலைக்கு வருமானம் கூடியதாலும் கூடலாம்; பதக்கத்துக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு உதவுகின்றன. போட்டியை நடத்தும் நாட்டுக்கும் முன்னாள் சோவியத் அணியைச் சேர்ந்த நாடுகளுக்கும் அதற்கு மேலேயும் கிடைக்கிறது. ஜோர்ஜியாவும் கிர்கிஸ்தானும் மேலே நிற்பதில் அந்தப் பழைய பயிற்சிக் கூடங்களின் நிழல் இருக்கிறது என்று இதைப் படித்த பிறகு நினைக்கிறேன். என் கட்சியும் இதனால் பலப்படுகிறது. சனத்தொகையால் வகுத்தால் பாதி உண்மைதான் வரும். மொத்த உற்பத்திக்குள் சனமும் இருக்கிறது, வருமானமும் இருக்கிறது.

பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து இலங்கைக்குக் கணக்குப் போட்டோம், தளம் காட்டாததை நாங்களே. 2024 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 2.18 கோடிப் பேர். 2023இல் உற்பத்தி சுமார் 84 பில்லியன் டொலர். அமெரிக்காவின் சனத்தொகை விகிதத்தை நாம் எட்டுவதற்குச் சுமார் எட்டுப் பதக்கம் வேண்டும். கென்யாவின் செல்வ விகிதத்தை எட்டவும் சுமார் எட்டுப் பதக்கம்தான். இரண்டு வேறு வழியில் போய் ஒரே எண்ணில் வந்து நின்றது வகுப்புக்கே வியப்பு. பாரிஸுக்கு நாம் அனுப்பியது ஆறு பேரை. நியூசிலாந்தின் சனத்தொகை விகிதம் வேண்டுமென்றால் எண்பதுக்கு மேல் வரும்; அந்த எண்ணைப் பார்த்ததும் நேர்விகிதம் எங்கே உடைகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு பதக்கம் கிடைத்திருந்தால்? சனத்தொகைப்படி சீனாவுக்கும் கீழே. செல்வத்தின்படி அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் வெகு மேலே. தருஷி கருணாரத்ன 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரில் தங்கம் எடுத்ததை நேரலையில் பார்த்த எனக்கு அந்த ஒன்று கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை.

தளத்தின் மூன்றாவது தெரிவான, அணியின் அளவால் வகுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டோக்கியோவில் சான் மரினோ ஐந்து பேரை அனுப்பி மூன்று பதக்கம் எடுத்தது என்பது நல்ல செய்தி. ஆனால் எத்தனை பேர் தகுதி பெற்றார்கள் என்பதே ஒரு சாதனை. அதனால் வகுத்தால் குறைவாக அனுப்பிய நாட்டுக்குப் பரிசும், 800 மீற்றரில் முதல் சுற்றோடு திரும்பினாலும் ஒலிம்பிக்குக்கு வந்த பிள்ளைக்குத் தண்டனையும் கிடைக்கிறது. நான் அதைப் பாடத்தில் எடுப்பதில்லை.

பரா ஒலிம்பிக்கை நாங்கள் தனியாகக் கணக்கிட்டோம், ஏனென்றால் இலங்கையின் அண்மைக்காலப் பதக்கங்கள் அங்கேதான் இருக்கின்றன. டோக்கியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் ஈட்டி எறிந்து உலக சாதனையோடு தங்கம், அதே நாளில் துலான் கொடிதுவக்கு வெண்கலம். பாரிஸில் துலானுக்கு வெள்ளி. டோக்கியோவில் ஒரு கோடி பேருக்கு ஒரு பதக்கம் என்ற அளவுக்கு வந்தோம். இருவரும் இராணுவத்தில் இருந்தவர்கள், இருவருக்கும் பயிற்சிக்கு இடமும் நேரமும் கிடைத்தன. ஈட்டி எறிதலில் நம் நாட்டில் என்ன முடியும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

ஆசிரியர்களுக்குச் சில நடைமுறை விஷயம். தளம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. ஆனால் நாட்டின் பெயரும் எண்ணும்தான் என்பதால் தமிழ்மொழிப் பிள்ளைகளுக்குச் சிரமம் இல்லை. வகுப்பில் புரொஜெக்டர் இல்லாதவர்கள் பாரிஸ் பட்டியலின் முதல் இருபது, கடைசிப் பத்து நாடுகளை மட்டும் எடுத்துப் போட்டோக் கொப்பி அடித்துக் கொடுங்கள், முழுப் பட்டியலும் வேண்டாம். சனத்தொகைக்கு ஒரு தாள், செல்வத்துக்கு ஒரு தாள். ஒரே நாடு இரண்டு தாளிலும் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள், கென்யாவில் தொடங்கச் சொல்லுங்கள். பதக்கம் எடுக்காத நாடுகளின் பெயர்களைத் தாளின் அடியில் நீங்களே கையால் எழுதிச் சேர்த்துவிடுங்கள், இலங்கையையும் பங்களாதேஷையும் மறக்காமல். முழு எண்ணாக்கல், தசமத்தானம், விஞ்ஞான முறைக் குறிப்பீடு, நேர்மாறு விகிதம் எல்லாம் ஒரு பாடவேளையிலேயே வந்துவிடும். தரம் 11க்கு மடக்கை படிப்பித்த பிறகு பதக்கத்தையும் உற்பத்தியையும் மடக்கையில் வரைபுபடுத்தச் சொல்லலாம், புள்ளிகள் ஓரளவு நேர்கோட்டுக்குப் பக்கத்தில் வரும். அடுத்த தவணையில் நான் அதைத்தான் செய்யப்போகிறேன்.